லாயம் மாற்றுவதா? பிப்ரவரியை வைத்துக் கணக்குப் போடுங்கள்

இங்கிலாந்தில் குதிரை வைத்திருக்கும் பலருக்கு அதை நிறுத்திவைக்கச் சொந்த நிலம் கிடையாது. ஊர்ப்புறத்துப் பண்ணை ஒன்றில் மாதக் கட்டணம் கட்டி, ஒரு கொட்டடியும் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பங்கும் பெற்றுக்கொள்கிறார்கள். லிவரி லாயம் என்பது இதுதான். ‘டிஐஒய் லிவரி’ என்றால் இடம் மட்டும் லாயத்துடையது. தீனி வைப்பது, லத்தி அள்ளுவது, காலையில் வெளியே விட்டு மாலையில் உள்ளே கட்டுவது எல்லாம் உரிமையாளர் பாடு. ‘ஃபுல் லிவரி’யில் இத்தனையும் லாயத்து ஆட்கள் செய்வார்கள். இரண்டுக்கும் நடுவே ‘பார்ட் லிவரி’ உண்டு. கொட்டடியே இல்லாமல் ஆண்டு முழுக்கப் புல்வெளியில் நிற்கும் ‘கிராஸ் லிவரி’யும் உண்டு. எந்த வகையில் இருந்தாலும் ஒருநாள் அந்தக் கேள்வி வந்துவிடும்: வேறு லாயத்துக்குப் போய்விடலாமா? அங்கே விளக்கு போட்ட பயிற்சிக் களம் இருக்கிறது, இங்கே இல்லை. இங்கே பக்கத்துக் கொட்டடிக்காரரோடு மனஸ்தாபம். கட்டணம் ஏறிவிட்டது. குதிரை கொஞ்சம் இளைத்த மாதிரியும் தெரிகிறது. காரணங்கள் இப்படிக் கலந்துகட்டித்தான் வரும். முடிவு தப்பாகப் போவதும் பெரும்பாலும் அந்தக் கலப்பினால்தான்.

இதைத் தீர்மானிக்க ஓர் அளவுகோல் போதும் என்பது என் கருத்து. பிப்ரவரி மாதத்துச் சாதாரண வார நாள் ஒன்றில், 24 மணி நேரமும் உங்கள் குதிரை எங்கே, யாரோடு, எதை மென்றுகொண்டு நிற்கும்? இப்போதைய லாயத்துக்கு ஒன்று, போக நினைக்கும் லாயத்துக்கு ஒன்று என இரண்டு தாள்களில் இதற்கு விடை எழுதுங்கள். பிப்ரவரியைச் சொல்லக் காரணம் உண்டு. புதிய லாயங்களைப் பார்க்கப் போகிறவர்கள் மே, ஜூனில் போகிறார்கள். அப்போது எல்லா லாயமும் பச்சைப்பசேலென்று இருக்கும், எல்லாக் குதிரையும் வெளியில் மேயும். பிப்ரவரியில் புல் வளராது. போன கோடையில் அறுத்துவைத்த உலர்புல் குறைந்துகொண்டே வரும். வயல் சேறாகிவிட்டது என்று வாயிற்கதவைப் பூட்டியிருப்பார்கள். நான்கு மாதமாக இருட்டிலும் மழையிலும் வேலை செய்த ஆட்கள் சலித்துப் போயிருப்பார்கள். லாயங்களுக்கு இடையிலான உண்மையான வித்தியாசம் அந்த மாதத்தில்தான் வெளியே தெரியும்.

அந்தத் தாளில் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: தீனி, துணை, நடமாட்டம். இது குதிரையின் உடல் அமைப்பிலிருந்து வரும் கணக்கு. குதிரையின் இரைப்பை உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். வெட்டவெளியில் விட்டால் நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டிருக்கும் பிராணி அது. மாலை ஐந்து மணிக்கு ஒரு வலைப்பை உலர்புல் கொடுத்து அது எட்டு மணிக்குத் தீர்ந்தால், மறுநாள் காலை ஏழு வரை பதினொரு மணி நேரம் வெறும் வயிறு. இரைப்பைப் புண் வருவதற்கு இது நல்ல வழி. உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை உலர்ந்த தீவனம் என்பது பொது விதி. 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழரை முதல் பத்துக் கிலோ. ஆகவே “உலர்புல் தருவீர்களா?” என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் தருவோம் என்றுதான் சொல்வார்கள். எத்தனை கிலோ, எத்தனை வேளை, எடை போட்டுத் தருகிறீர்களா, கட்டணத்தில் அடக்கமா, கூடுதலாகக் கேட்டால் முகம் சுளிப்பீர்களா என்று கேளுங்கள். துணை என்பது வெறுமனே எதிர்க் கொட்டடியில் ஒரு தலை தெரிவது இல்லை. ஒன்றையொன்று தொட்டுச் சொறிந்துகொள்ளும் தூரத்தில் இன்னொரு குதிரை. நடமாட்டம் என்பது முதுகில் ஆளோடு ஒரு மணி நேரம் சுற்றுவது இல்லை; தன்னிஷ்டத்துக்கு நடந்து திரியும் நேரம். 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய இவற்றைத்தான் விலங்கின் தேவைகளாக வரிசைப்படுத்துகிறது: தகுந்த இடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, துணை அல்லது தனிமை, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பு. குதிரை லாயத்தின் பொறுப்பில் இருந்தாலும் உரிமையாளரின் பொறுப்பு நீங்குவதில்லை என்பதும் அதே சட்டம் சொல்வதுதான்.

இரண்டு தாள்களும் எழுதியானபின், உங்கள் காரணங்களைக் குதிரைக்கானவை, உங்களுக்கானவை என்று பிரியுங்கள். விளக்குப் போட்ட களம், சூடான உடைமாற்றும் அறை, நல்ல காப்பி, குறைந்த வம்பு ஆகியவை உங்களுக்கானவை. அவற்றில் தவறில்லை; ஆனால் குதிரைக்குத் தேவை என்ற போர்வையில் அவை வரக்கூடாது. குதிரைக்கான குறை என்று எஞ்சுவதை எடுத்துக்கொண்டு லாய உரிமையாளரிடம் நேரே பேசுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறவர்கள் அதிகம். இரவுக்கு இன்னொரு வலைப்பை உலர்புல், சண்டை போடாத ஒரு குதிரையோடு வயல் மாற்றம், காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே விடுவதற்குச் சிறு கூடுதல் தொகை: இவை பெரும்பாலும் கேட்டால் நடக்கிறவை. நான்கு வாரம் பொறுத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால், எந்த அபாயமும் இல்லாமல் ஒரு இடமாற்றத்தின் பலன் கிடைத்துவிட்டது. நிலத்தின் தன்மை, குதிரைகளின் எண்ணிக்கை, உரிமையாளரின் குணம் ஆகிய மூன்றும் பேசித் தீராதவை. குறை இவற்றில் இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போகலாம்.

நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கொட்டடியின் வண்ணப்பூச்சைப் பார்க்கிறவர்கள் மண்ணைப் பார்ப்பதில்லை. சஸெக்ஸ் பகுதியை எடுத்துக்கொள்வோம். தெற்கே சவுத் டவுன்ஸ் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் இறங்கி வடிந்துவிடும். சற்று வடக்கே வீல்ட் தாழ்நிலம் கனத்த களிமண். நவம்பரில் குளம்பு பட்டுக் குழம்பினால் வசந்தம் வரை குழம்பியே கிடக்கும். சில மைல் இடைவெளியில் ஒரு லாயம் குளிர்காலம் முழுக்கக் குதிரைகளை வெளியே விடும், மற்றொன்று மாதக்கணக்கில் பூட்டிவைக்கும். ஆகவே “குளிர்காலத்தில் வெளியே விடுவீர்களா?” என்பதோடு நிறுத்தாமல், “போன குளிர்காலத்தில் எத்தனை நாள் வாயிற்கதவு பூட்டியிருந்தது?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை உரிமையாளரிடமும், அங்கே குதிரை விட்டிருக்கும் ஒருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். வேறு தீவனம் தராமல் புல்லை மட்டும் நம்புவதானால் ஒரு குதிரைக்கு அரை முதல் ஒரு ஹெக்டேர் நல்ல மேய்ச்சல் வேண்டும் என்பது அரசின் நடத்தை நெறிமுறை தரும் பொதுக் கணக்கு. பத்து ஏக்கரில் இருபது குதிரை நிற்கும் இடம் ஜூனில் அழகாகத் தெரியலாம். பிப்ரவரியில் அது வெறும் சேற்றுக்குளம்.

இதற்கு நேர்மாறான அபாயமும் உண்டு. இங்கிலாந்தின் லிவரி லாயங்களில் கணிசமானவை முன்பு பால்பண்ணைகளாக இருந்தவை. கறவை மாட்டுக்காக உரம் போட்டு வளர்த்த ரைகிராஸ் புல்லில் சர்க்கரை அதிகம். வெல்ஷ், ஷெட்லாண்ட் போன்ற உள்ளூர்ச் சிறுகுதிரைகள் கரட்டு நிலத்தில் காய்ந்த புல்லைத் தின்று பிழைக்கப் பழகிய இனங்கள். அந்தச் செழிப்பான வயலில் விட்டால் குளம்புக்குள் அழற்சி வந்து நடக்க முடியாமல் போகும். லாமினைட்டிஸ் என்று சொல்வது இதைத்தான். அப்படிப்பட்ட குதிரைக்கு “ஏக்கர் கணக்கில் பச்சைப் புல்” என்ற விளம்பரம் ஒரு எச்சரிக்கை. வயலைச் சுற்றி நடந்து மரங்களையும் களைகளையும் பாருங்கள். சிக்கமோர் மரம் வேலியோரம் இருந்தால், இலையுதிர் காலத்தில் விழும் விதையும் வசந்தத்தில் முளைக்கும் கன்றும் நஞ்சு. தசைகளைச் சிதைத்து ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடிய நோய் அதனால் வருகிறது. மஞ்சள் பூப் பூக்கும் ராக்வொர்ட் செடி கல்லீரலைக் கெடுக்கும். பச்சையாக இருக்கும்போது கசப்பால் குதிரை ஒதுக்கும். உலர்புல்லோடு சேர்ந்து காய்ந்துவிட்டால் கசப்பு போய், நஞ்சு மட்டும் நிற்கும். ஆகவே வயலை மட்டும் பார்த்தால் போதாது, வைத்திருக்கும் உலர்புல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மண்ணுக்கு அடுத்தது மனிதர்கள். இது அளக்க முடியாதது என்பதால் பலரும் கடைசியில் வைக்கிறார்கள். நான் மேலே வைப்பேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, அரேபியக் கரையிலிருந்து பெரும் பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் செத்துப்போவதை எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்பதே அவர் கண்ட காரணம். உயர்ந்த குதிரையும் செல்வமும் இருந்தன, பக்குவம் தெரிந்த கைகள் இல்லை. இன்று இங்கிலாந்தில் சவாரிப் பள்ளி நடத்த 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளாட்சி உரிமம் வேண்டும். பிறர் குதிரையைக் கட்டணத்துக்கு வைத்துக் காக்கும் லிவரி லாயத்துக்கு மட்டும் அந்த உரிமம் தேவையில்லை. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி அங்கீகாரம் தருகிறது, அதைப் பெறுவது லாயத்தின் விருப்பம். ஆக, சோதிக்க வேண்டியவர் நீங்களே. சொல்லிவிட்டு ஒருமுறையும், சாதாரண நாளில் மாலை வேளையில் இன்னொருமுறையும் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி சுத்தமா? நிற்கும் குதிரைகளின் விலாவும் குளம்பும் எப்படி? கொட்டடிக் கதவின் மேல்விளிம்பை வரிசையாகக் கடித்துத் தேய்த்திருக்கிறதா? இரவில் ஆள் தங்குகிறார்களா? குதிரை வயிற்றுவலியால் படுத்துப் புரளும் அறிகுறி தெரிந்தால் யார், எத்தனை மணிக்குக் கண்டுபிடிப்பார்கள்? எத்தனை ஆண்டுகளாக இங்கே குதிரை வைத்திருக்கிறீர்கள் என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள். எல்லோரும் ஆறு மாதம், எட்டு மாதம் என்றால், காரணத்தைத் தேடுங்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்காமல் போகாதீர்கள். கட்டணத்தில் எது அடக்கம், எது கூடுதல். விலக எத்தனை வார முன்னறிவிப்பு. உங்களைத் தொடர்புகொள்ள முடியாத நேரத்தில் மருத்துவரை அழைக்கவும், மிஞ்சிப் போனால் கருணைக்கொலைக்கு ஒப்புக்கொள்ளவும் யாருக்கு அதிகாரம். பாக்கிக்காகக் குதிரையைப் பிடித்துவைக்கும் உரிமை ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா. தங்கள் பொறுப்பில் உள்ள பிறர் குதிரைகளுக்கு லாயம் காப்பீடு எடுத்திருக்கிறதா. எழுதித் தரத் தயங்கும் லாயத்தை நான் அத்தோடு விட்டுவிடுவேன்.

இனி மாற்றத்தின் விலை. டிரெய்லர் வாடகை இதில் சிறு பங்கு. பெரிய பங்கு குதிரையின் குடலும் மூச்சும் கொடுப்பது. உலர்புல் மாறிய அடுத்த இரண்டு வாரங்களில் வயிற்றுவலி வரும் வாய்ப்பு கூடுவதை அமெரிக்காவில் டெக்ஸாஸில் நடந்த ஆய்வு கண்டது. கொட்டடியில் அடைபடும் நேரம் கூடிய பிறகு அதே காலத்தில் பெருங்குடல் அடைப்பு வகை வலி கூடுவதைப் பிரிட்டன் ஆய்வுகள் கண்டன. லாயம் மாறும்போது இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கும், ஒரே நாளில். அடுத்து தொற்று. ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற பாக்டீரியா நோய் தாடைக்கடியில் சீழ்க்கட்டியாக வரும். தேறிய குதிரைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று, வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல், தொண்டையின் காற்றுப்பைகளில் கிருமியைச் சுமந்து திரியும். புதிய இடத்தில் உங்கள் குதிரை வாங்கவும் கூடும், கொடுக்கவும் கூடும். 2019 பிப்ரவரியில் குதிரைக் காய்ச்சலுக்காகப் பிரிட்டனின் பந்தயங்கள் ஆறு நாள் அடியோடு நிறுத்தப்பட்டன. அத்தனை பணமும் மருத்துவர்களும் உள்ள துறையிலேயே அந்த நிலைமை. கடைசியாக மந்தை. புதிதாக வரும் குதிரை தன் இடத்தைப் பிடிக்கும்வரை உதையும் கடியும் சகஜம். இரும்பு லாடம் அடித்த பின்னங்காலின் ஓர் உதை எலும்பை முறித்துவிடும்.

இந்த விலையைக் கேட்டவுடன் “குதிரை நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?” என்ற மறுப்பு வரும். பாதி நியாயம் அதில் உண்டு. குறை உங்கள் வசதி சார்ந்ததாக இருந்தால் மாற்றாமல் இருப்பதே மேல். ஆனால் அமைதியாக நிற்கும் குதிரை எல்லாம் நன்றாக இருக்கும் குதிரை ஆகிவிடாது. வேட்டையாடப்படும் விலங்கு என்பதால் வலியையும் சோர்வையும் மறைப்பது அதன் இயல்பு. தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டு நிற்பதும், மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்குவதும் தொடங்கிவிட்டால், பின்னர் எவ்வளவு நல்ல இடத்துக்குக் கொண்டுபோனாலும் பல குதிரைகளில் அந்தப் பழக்கம் முழுதாகப் போவதில்லை. காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அது ஒரே நாளில் வசூலாகாததால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். பிப்ரவரித் தாளில் இரவுத் தீனியோ துணையோ நடமாட்டமோ நிரந்தரமாகக் குறைந்தால், களம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: “எல்லாம் குதிரைக்கே என்றால், தினமும் இரண்டு வேளை போய்வரும் மனிதருக்கு மதிப்பே இல்லையா?” உண்டு, அந்தத் தாளிலேயே உண்டு. டிசம்பரில் தென் இங்கிலாந்தில் பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம்தான். அலுவலகம் போகிறவர் டிஐஒய் லிவரியில் குதிரை வைத்திருந்தால் காலையும் மாலையும் இருட்டில்தான் போவார். லாயம் வீட்டிலிருந்து பத்து நிமிடமா, நாற்பது நிமிடமா என்பது அவர் வசதிக்குரிய விஷயம் மட்டும் இல்லை. குதிரைக்கு இரவுத் தீனி எட்டு மணிக்கா, ஐந்தரைக்கே முடிந்துவிடுமா என்பதும் அதுதான். அவர் காய்ச்சலில் படுத்தால் மாற்று ஆள் யார் என்பதும் தாளில் வர வேண்டும். அதேபோல், சவாரிக்குப் பாதுகாப்பான குதிரைப்பாதை இல்லாமல் வேகமான கார்ச்சாலை மட்டுமே இருந்தால் குதிரை வெளியே போவது தானாகக் குறையும். 2022 ஜனவரியில் திருத்திய சாலை விதிகள் குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைல் வேகம், குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி என்கின்றன. விதி அச்சில் இருப்பது வேறு, வளைவுக்கு அப்பால் வரும் லாரிக்காரர் அதைப் படித்திருப்பது வேறு. பணமும் அப்படியே. கட்ட முடியாத ஃபுல் லிவரிக்குப் போய் ஆறு மாதத்தில் திரும்பி வருவது, குதிரையை இரண்டு முறை இடம்மாற்றுவதாகும்.

போவது என்று முடிவானால் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது: குதிரைகள் இன்னும் வெளியில் இருக்கும், குளிர்காலக் கட்டுக்கு முன் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும். லாமினைட்டிஸ் வந்த குதிரையை ஏப்ரல், மே மாதங்களில் புதிய புல்லில் இறக்காதீர்கள். வயதான குதிரையை மாற்றவே கூடாது என்பதில்லை, ஆனால் முடிந்தால் பழகிய துணையோடு சேர்த்து மாற்றுங்கள்; தனியாகப் போகும் கிழக் குதிரைக்கு இழப்பு அதிகம். புறப்படும் முன் லத்தியில் புழு முட்டை எண்ணும் பரிசோதனையும், மருத்துவர் சொன்னால் ஸ்ட்ராங்கிள்ஸுக்கான ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். தடுப்பூசிக் குறிப்புள்ள அடையாள ஆவணம் (குதிரைப் பாஸ்போர்ட்) குதிரையோடு போக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குப் புதிய முகவரியை முன்கூட்டியே சொல்லுங்கள்.

பழைய லாயத்திலிருந்து இரண்டு வாரத்துக்கான உலர்புல்லை விலை கொடுத்தாவது வாங்கிக்கொண்டு போங்கள். முதல் சில நாள் பழையது மட்டும், பிறகு நாளுக்கு நாள் புதியதைக் கலந்து கூட்டுங்கள். புதிய லாயம் மூன்று வாரம் தனியே வைக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். கேட்காத லாயத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அந்த மூன்று வாரமும் காலை, மாலை உடல் வெப்பத்தை எடுத்து எழுதிவையுங்கள். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. ஸ்ட்ராங்கிள்ஸில் காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாள் கழித்துத்தான் கிருமி வெளியே வரத் தொடங்கும் என்பதால், வெப்பமானியைத் தவறாமல் வைக்கிறவர் முழு லாயத்தையும் காப்பாற்ற முடியும். தனிமை என்றால் வேறு குதிரையே கண்ணில் படாத மூலை என்று பொருளில்லை. தொட முடியாத தூரத்தில், பார்க்க முடிகிற இடத்தில் ஒரு குதிரை இருக்கட்டும். பிறகு வேலிக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கமாகச் சில நாள், அதன்பின் சாதுவான ஒரு குதிரையோடு மட்டும், பெரிய வயலில். மந்தையோடு சேர்ப்பது கடைசி. சேர்க்கும் நாளில் பின்னங்கால் லாடங்களைக் கழற்றிவிட லாடம் அடிப்பவரிடம் சொல்லிவைப்பது நல்லது.

முதல் வாரத்து நடத்தையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கத்தும், வேலியோரம் ஓடும், தீனியைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும். எடைநாடாவால் வாரம் ஒருமுறை சுற்றளவை அளந்து குறியுங்கள். லத்தியின் அளவையும் ஈரத்தையும் கவனியுங்கள். இரவில் படுத்து எழுந்த அடையாளம் படுக்கை வைக்கோலில் இருக்கிறதா என்று காலையில் பாருங்கள், ஏனென்றால் நிம்மதியில்லாத குதிரை படுக்காது. ஆறு வாரம் கழிந்தும் எடை இறங்கிக்கொண்டே போனாலோ, படுக்காமலே இருந்தாலோ, முன்பு இல்லாத மரம் கடிக்கும் பழக்கம் வந்தாலோ மருத்துவரைக் கொண்டு நோயை முதலில் விலக்குங்கள். நோய் இல்லை என்றால் வயல் துணையையும் கொட்டடியின் இடத்தையும் மாற்றித் தரக் கேளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், முன்னறிவிப்புக் காலம் எத்தனை வாரம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது அப்போது உதவும்.